ஒரே ஒரு மிட்ரேஞ்ச் டிஸ்க் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? (கண்மாய், காற்று, கருவேலமுள்)

நாகமலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் அல்டிமேட் (டிஸ்க்கை எறிந்து பிடித்து ஆடும் குழு ஆட்டம்) விளையாடிய பழக்கம் இருப்பதால் டிஸ்க் எறிவது எனக்குப் புதிதில்லை, ஆனால் டிஸ்க் கோல்ஃப் (குறைந்த எறிகளில் டிஸ்க்கைக் கூடையில் போடுவது) பக்கம் வந்தது இந்த வருஷம்தான். நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிறு காலையில் நாகமலைப் பக்கம் தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் எறிகிறோம். கூடை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது, பழைய சைக்கிள் ரிம்மில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு அடியில் கம்பிக் கூடை வைத்தது. மற்ற இலக்கெல்லாம் பனைமரம்தான், மரத்தில் பட்டால் கணக்கு.

என்னிடம் இருப்பது இன்னோவா கம்பெனியின் தொடக்க செட். டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில் லெப்பர்ட் (தூரத்துக்கு), ஷார்க் (மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூரத்துக்கு), அவியார் (கூடைக்குப் பக்கத்திலிருந்து போட) மூன்றும். நான் அதிகம் எறிவது ஷார்க்தான். அது கல்லிலும் சரளையிலும் விழுந்து விழுந்து விளிம்பு முழுக்கச் சிராய்த்துப் பிசிறு பிசிறாக இருக்கிறது, முன்பு நேராகப் போய் கடைசியில் இடப்பக்கம் திரும்பி இறங்கியது இப்போது வலப்பக்கமே சாய்ந்து போகிறது. சித்தப்பா மகன் அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறான், ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். நெருக்கினால் இரண்டு வாங்கி வருவான்.

பட்டியல் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. டிஸ்க்ராஃப்ட் கம்பெனியின் பஸ்ஸ், இன்னோவாவின் ராக் 3, மேக்கோ 3 இந்த மூன்றில் வந்து நிற்கிறேன். என் எறி நல்லபடி அமைந்தால் 60 மீட்டர் வரை போகும், பெரும்பாலும் 50தான். எடை 165 கிராமா 180 கிராமா, எந்தப் பிளாஸ்டிக், எல்லாமே குழப்பம். எங்கள் கண்மாயில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தெப்பக்குளம் தெற்கு:

பஸ்ஸ் வாங்குங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ கம்பெனிப் பாசம் என்று நினைப்பீர்கள். டிஸ்க்கோடு வரும் நான்கு எண்கள் தெரியும்தானே, ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. பஸ்ஸுக்கு 5, 4, -1, 1. மேக்கோ 3க்கு 5, 5, 0, 0. ராக் 3க்கு 5, 4, 0, 3. மூன்றுக்கும் ஸ்பீடு ஒன்றேதான், முக்கியமான வித்தியாசம் கடைசி இரண்டு எண்களில் இருக்கிறது. வலது கையால் பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது) எறிகிறவருக்கு, டிஸ்க் வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது டர்ன் (மைனஸ் கூடக்கூடச் சாய்வு அதிகம்), வேகம் தணிந்தபின் இடப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது ஃபேடு. இந்த எண்களெல்லாம் அந்த டிஸ்க்குக்கு வேண்டிய வேகத்தில் எறிந்தால்தான் சரியாக இருக்கும். நீங்கள் எறிவது 50 மீட்டர். அந்த வேகத்தில் எந்த டிஸ்க்குமே எண்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம்தான் இழுக்கும். ராக் 3ஐ அப்படி எறிந்தால் பாதி வழியிலேயே திரும்பி விழுந்துவிடும், உங்களுக்கு 40 மீட்டர் கூடக் கிடைக்காது. பஸ்ஸில் அந்த -1 உங்கள் கை வேகக் குறைவை ஈடுகட்டிவிடும், நேராகப் போய் லேசாக இடப்பக்கம் இறங்கும். உங்கள் ஷார்க்குக்கு எண்கள் 4, 4, 0, 2, அதை எறிந்து பழகிய கைக்கு பஸ்ஸ் கொஞ்சம் நீளமாகவும் நேராகவும் போகும், பெரிய அதிர்ச்சி இருக்காது.

பஸ்ஸ் 2003இல் வந்த டிஸ்க். இத்தனை வருஷம் கழித்தும் தொடக்கக்காரரும் தொழில்முறை ஆட்டக்காரரும் இதே டிஸ்க்கை எறிகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. மேக்கோ 3ம் நல்ல டிஸ்க்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் கிளைடு 5 என்பதால் காற்றில் ரொம்ப நேரம் தொங்கும், கண்மாய்க் காற்றுக்கு அது வேண்டாம்.


வைகை வடகரை:

தெற்கு அண்ணன் சொன்னதில் எனக்கு உடன்பாடு பாதிதான். அவர் எறியும் இடம் ஊருக்குள், சுற்றிலும் கட்டிடம். கண்மாய் அப்படியில்லை. நாகமலைக்கு மேற்கே போகப் போக காற்று எப்படி அடிக்கும் என்று ஆடி மாதம் உசிலம்பட்டி ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே மைனஸ் டர்ன் உள்ள டிஸ்க்கை எதிர்காற்றில் எறிந்து பாருங்கள், ஒரு நொடி நேராகப் போகும், அப்புறம் வலப்பக்கம் புரண்டு கரையைத் தாண்டி அடுத்தவர் வயலில் போய்ப் படுக்கும்.

நான் ராக் பக்கம். ராக் வரிசை 1987இலிருந்து இருக்கிறது, 12 முறை உலகச் சாம்பியனான கென் கிளைமோ கையில் இருந்தது. காற்று எப்படி அடித்தாலும் ராக் 3 எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், கடைசியில் இடப்பக்கம்தான், அதை மனதில் வைத்து வலப்பக்கம் குறிபார்த்தால் போதும். தூரம் குறையும்தான். குறையட்டுமே. மிட்ரேஞ்ச் வாங்குவதே குறிக்காகத்தானே, தூரத்துக்கு லெப்பர்ட் இருக்கிறதே.


நாகமலைக்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. அல்டிமேட் பழக்கத்தால் எனக்கு ஃபோர்ஹேண்ட்தான் (கையைப் பக்கவாட்டில் வைத்து மணிக்கட்டைச் சொடுக்கி எறிவது) கைக்கு வந்த எறி. தூரமாக எறிய மட்டும் பேக்ஹேண்ட். 30, 40 மீட்டருக்குள் மரம் மறித்தால் கை தானாக ஃபோர்ஹேண்டுக்குப் போய்விடுகிறது. இதனால் தேர்வு மாறுமா? இன்னொன்று, பேக்ஹேண்டில் நான் எறிவது நிறைய நேரம் மேலே ஏறி, அப்படியே நின்று, இடப்பக்கம் சரிந்து விழுகிறது. காற்று இல்லாத அன்றும் அப்படித்தான். ஷார்க் தேய்ந்ததால் என்று நினைத்தேன், ஆனால் தேய்ந்த டிஸ்க் வலப்பக்கம்தானே போக வேண்டும்?


ஆனைமலை அடிவாரம்:

இப்போதுதான் கேள்வி தெளிவாகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மேலே ஏறி நின்று சரிவது. அதில் டிஸ்க்கின் தப்பு எதுவும் இல்லை, மூக்கு தூக்குகிறது. கையைவிட்டுப் போகும்போது டிஸ்க்கின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயர்ந்திருந்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும், வேகமெல்லாம் உயரமாக மாறிவிடும், வேகம் போனபின் எந்த டிஸ்க்கானாலும் ஃபேடுதான் மிச்சம். அல்டிமேட் டிஸ்க் 27 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், 175 கிராம், மிதப்பதற்கென்றே செய்தது, அதில் மூக்கு கொஞ்சம் தூக்கினாலும் எதிரே நிற்பவர் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவார், தெரியவே தெரியாது. மிட்ரேஞ்ச் 21, 22 சென்டிமீட்டர்தான், விளிம்பும் கூர், அது மன்னிக்காது. சரிசெய்ய ஒரு வழி சொல்கிறேன். எறியும்போது மணிக்கட்டைப் பூட்டில் சாவி திருப்புவது மாதிரி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி லேசாகத் திருப்பி விடுங்கள். இலக்காக உங்கள் இடுப்பு உயரத்தில் பனைமரத்தில் ஒரு சாக்குத் துணியைக் கட்டி, 25 மீட்டரில் நின்று, டிஸ்க் தலைக்கு மேல் ஏறாமல் அதில் படவேண்டும் என்று எறியுங்கள். இது பிடிபட்டாலே உங்கள் 50 மீட்டர் 60 ஆகும், புது டிஸ்க் இல்லாமலே.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மூக்கு தூக்குகிறவர் கையில் ராக் 3ஐக் கொடுத்தால் அது எல்லா எறியிலும் இடப்பக்கம் விழும். மூக்கு தூக்கியதால் விழுந்ததா, டிஸ்க்கின் குணத்தால் விழுந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நேராகப் போகும் டிஸ்க் அப்படியில்லை, நீங்கள் செய்ததை அப்படியே காட்டும். சாய்த்து விட்டால் சாய்ந்தே போகும், தட்டையாக விட்டால் தட்டையாகப் போகும். கற்றுக்கொள்கிற காலத்தில் அந்தக் கண்ணாடி வேண்டும். அதனால் தெற்கு அண்ணன் கட்சிதான் நான்.

ஃபோர்ஹேண்ட் விஷயம். வலது கை ஃபோர்ஹேண்டில் டிஸ்க் எதிர்த் திசையில் சுற்றுகிறது, அதனால் எல்லாம் தலைகீழ். டர்ன் இடப்பக்கம், ஃபேடு வலப்பக்கம். ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டு சொடுக்கும்போது கொஞ்சம் ஆட்டம் வரும், டிஸ்க் தள்ளாடித் தள்ளாடிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் இருந்தால் டர்ன் கூடும், பஸ்ஸ் போன்ற டிஸ்க் இடப்பக்கம் புரண்டு போகும். அதனால்தான் ஃபோர்ஹேண்டுக்கு ராக் 3 மாதிரி டிஸ்க் வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அது தப்பில்லை, ஆட்டத்தை அது விழுங்கிவிடும். ஆனால் உங்களுக்கு அல்டிமேட்டில் பழகிய கை, சுற்று நன்றாகவே கொடுப்பீர்கள், ஆட்டத்தை விழுங்குவதைவிட ஆட்டத்தைத் தீர்ப்பது உங்களால் முடியும். 30 மீட்டரில் முக்கால் வேகத்தில் பஸ்ஸை ஃபோர்ஹேண்டில் தட்டையாக எறியுங்கள். இடப்பக்கம் புரண்டால் கை உருண்டிருக்கிறது, உள்ளங்கை கடைசிவரை வானத்தைப் பார்க்கட்டும். நேராகப் போகத் தொடங்கியபின் உங்களிடம் இரண்டு பக்கமும் நேர்கோடு இருக்கும்.

அப்புறம் காற்று. வைகை சொன்ன எதிர்காற்றுப் பிரச்சனை உண்மை. நீங்கள் மணிக்கு 70 கிலோமீட்டரில் எறிந்து 20 கிலோமீட்டர் காற்று எதிரே வந்தால் டிஸ்க்குக்கு அது 90, அதனால் டர்ன் அதிகமாகத் தெரியும், தூக்கவும் செய்யும். பின்காற்றில் 50, அப்போது எல்லா டிஸ்க்கும் சீக்கிரம் ஃபேடு ஆகும், ராக் 3 இன்னும் சீக்கிரம். ஆக, கண்மாயில் மேற்குப் பார்த்து எறியும்போது ராக் 3 உதவும், திரும்பிக் கிழக்கே எறியும்போது அதே டிஸ்க் காலை வாரும். பஸ்ஸை எதிர்காற்றில் எறிய வேண்டுமானால், பேக்ஹேண்டில் வெளிவிளிம்பைக் கொஞ்சம் கீழே சாய்த்து, தாழ்வாக விடுங்கள், காற்று அதை நிமிர்த்தி நேராக்கிவிடும். வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்.

எடை பற்றி. 21.7 சென்டிமீட்டர் அகலமுள்ள மிட்ரேஞ்சுக்கு 180 கிராமுக்கு மேல் விதியே இடம் தராது, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு 8.3 கிராம் என்பது டிஸ்க் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்பான பிடிஜிஏவின் கணக்கு. காற்றுள்ள இடத்துக்கு கனமானது நல்லது, மெதுவான கைக்கு லேசானது நல்லது. 50 மீட்டர் எறிகிறவர், கண்மாய்க் காற்று, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 170 முதல் 175 வரை. 175 கிராம் அல்டிமேட் டிஸ்க் எறிந்த கைக்கு அது பாரமாகவே தெரியாது. 165 வேண்டாம், ஆடியில் இலை மாதிரி அலையும்.


வைகை வடகரை:

பின்காற்று விஷயம் ஏற்றுக்கொள்கிறேன், அது சரியான பேச்சு. ஆனாலும் தம்பிக்கு இரண்டு டிஸ்க் வர வழியிருக்கிறது என்பதால் சொல்கிறேன், பஸ்ஸ் ஒன்று, ராக் 3 ஒன்று வரட்டும். ராக் 3ஐ ஆறு மாசம் பையிலேயே வைத்திருந்து மூக்கு இறங்கியபின் எடுக்கட்டும். இரண்டும் மிட்ரேஞ்ச் என்றாலும் வேலை வேறு. மரத்தைச் சுற்றி வலப்பக்கம் வளைத்துப் போட வேண்டிய இடத்தில் ஃபோர்ஹேண்டில் ராக் 3ஐ விட்டால் கிடைக்கும் வளைவு பஸ்ஸில் கிடைக்காது.

பிளாஸ்டிக் பற்றி யாரும் பேசவில்லையே. டிஎக்ஸ், ப்ரோ-டி மாதிரி அடிப்படைப் பிளாஸ்டிக் பிடிமானம் நன்றாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் நம்ம ஊர் சரளைக்கு அது தாங்காது. ஷார்க் சீக்கிரம் வலப்பக்கம் சாய்ந்ததே அதனால்தான், விளிம்பு சிராய்க்கச் சிராய்க்க டிஸ்க் டர்ன் பக்கம் போகும். புல்தரை உள்ளவர்கள் அதையே ஒரு நன்மையாகச் சொல்வார்கள், ஒரே டிஸ்க்கில் புதுசு ஒன்று, பழசு ஒன்று என்று பையில் வைத்து இரண்டு விதமாக எறிவார்கள். நமக்கு அது கட்டுபடியாகாது, ஒவ்வொரு தடவையும் அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டும். டிஸ்க்ராஃப்டில் ஸீ அல்லது இஎஸ்பி, இன்னோவாவில் சாம்பியன் அல்லது ஸ்டார் என்று சொல்லிவிடுங்கள். ஸீயும் சாம்பியனும் கண்ணாடி போலத் தெளிவாக, கெட்டியாக இருக்கும். இஎஸ்பியும் ஸ்டாரும் தெளிவில்லாத நிறம், பிடி கொஞ்சம் அதிகம். வியர்வைக் கைக்கு நான் இஎஸ்பி சொல்வேன். சித்திரை வெயிலில் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், இடுப்பில் ஒரு துண்டு அவசியம்.

வெயில் என்றதும் இன்னொன்று. டிஸ்க்கை பைக் பெட்டியிலோ கார் டிக்கியிலோ மத்தியானம் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகி, மேலே தண்ணி பாட்டில் இருந்தால் அதன் எடைக்கே வளைந்துவிடும். வளைந்துபோனால் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, சமமான தரையில் கவிழ்த்து ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும்.


கீழக்குயில்குடி ரோடு:

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் வாங்காதீர்கள். காய்ந்த கோரைப்புல், கருவேலம்பூ, வெயில் எல்லாம் சேர்ந்து மஞ்சளை விழுங்கிவிடும். பச்சையும் வேண்டாம், தெளிவான பிளாஸ்டிக் என்றால் வேண்டவே வேண்டாம், அது தரையின் நிறத்தைக் காட்டும். அடர் ரோஸ் அல்லது நீலம். சீமைக்கருவேலத்துக்குள் போனால் கையை நேராக விடாமல் ஒரு தொரட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆடு மேய்க்கிறவர்களிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். முள் ஏறிய கை ரெண்டு நாளைக்கு டிஸ்க் பிடிக்காது.

ஐப்பசியில் மழை பெய்து கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டால் இடத்தை மாற்றுங்கள். இந்த எடையில் மிட்ரேஞ்ச் டிஸ்க் மூழ்கும், சேற்றுத் தண்ணீரில் ரோஸ் என்ன நீலம் என்ன. அப்போது சமணர் மலை அடிவாரத்துக்கு வரலாம் என்று யாரும் யோசிக்க வேண்டாம், அது தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், காலையில் நடக்க வருகிற பெரியவர்களும் நிறைய. அல்டிமேட் டிஸ்க் பட்டால் லேசாக வலிக்கும், கோல்ஃப் டிஸ்க் விளிம்பு மண்டையில் பட்டால் தையல்தான். அதை ஒருத்தருக்கொருத்தர் எறிந்து பிடித்தும் விளையாடாதீர்கள்.


நாகமலைக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை சாக்குத் துணி கட்டி எறிந்து பார்த்தேன். சாவி திருப்புகிற மாதிரி என்பது உடனே பிடிபடவில்லை, ஆனால் பிடிபட்ட எறிகளில் தேய்ந்த ஷார்க் கூட மேலே ஏறாமல் நேராகப் போய், முடிவில் வலப்பக்கம் சாய்ந்தது. அதாவது இத்தனை நாள் மூக்கு தூக்கியது இடப்பக்கம் இழுக்க, தேய்மானம் வலப்பக்கம் இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

சித்தப்பா மகனுக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன். பஸ்ஸ், இஎஸ்பி, 170 முதல் 175, ரோஸ். இடம் இருந்தால் ராக் 3, சாம்பியன் அல்லது ஸ்டார், நீலம். சாம்பியன் தெளிவாக இருக்குமென்றால் கீழக்குயில்குடி அண்ணன் சொன்னபடி ஸ்டார்தான் சரியோ?


கீழக்குயில்குடி ரோடு:

ஸ்டார் சொல்லுங்கள். வந்ததும் அடிப்பக்கம் உங்கள் பெயரும் போன் நம்பரும் பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிவிடுங்கள், ஆட்டுக்காரப் பசங்க எடுத்தால் கட்டாயம் கூப்பிட்டுச் சொல்வார்கள்.


தெப்பக்குளம் தெற்கு:

தம்பி, வந்தபின் ஒரு ஞாயிறு நாங்களும் வருகிறோம். ஆனைமலையையும் வைகையையும் கூட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கூடைக்கு இன்னொரு வரிசைச் சங்கிலி மாட்டலாம், பட்டறை ஆள் நம்பரைத் தனியாக அனுப்புங்கள்.